ஓடிப்போன மரம்

ஆத்துக்குள்ள வெக்கறதுக்காக நான் முதல்முதலா டிசைன் பண்ணின மரக்குவியல் அந்த வருஷ நவம்பர் மழைலயே பாதி போயிடுச்சு. ஏழு மரம் வெச்சிருந்தோம், விடியக்காலைல ஓடிப்போய்ப் பார்த்தா நாலுதான் இருக்கு. மழை விட்டபாடில்ல, ஆறு கலங்கலா சுழிச்சுக்கிட்டு ஓடுது, கீழ ஒரு பாலம் வேற, அதோட தூண்ல போய் அடைச்சிருக்குமோன்னு எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. நல்லவேளை, பாலத்துல ஒண்ணும் இல்ல. ஆனா அந்த மூணும் எங்க போச்சுன்னு தண்ணி வடியற வரைக்கும் தெரியல.

வேலை என்னன்னு சொல்லிடறேன். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்தோட மேற்குக் கோடில ஒலிம்பிக் தீபகற்பம் இருக்கு, அங்க கடல்லருந்து முட்டை போட சால்மன் மீன் ஏறி வர்ற ஆறு, ஓடைங்களுக்குள்ள பெரிய பெரிய மரத்தைத் தூரோட கொண்டுபோய் வெக்கறோம். அம்மாகிட்ட சொன்னப்ப "ஆத்துல மரம் கெடந்தா எடுத்துப் போடுவாங்க, நீ எதுக்குடா கொண்டுபோய்ப் போடறே"ன்னு கேட்டாங்க. இங்கயும் ரொம்ப காலம் எடுத்துத்தான் போட்டாங்க. மொதல்ல மரம் வெட்டறவங்க, ஓடைக்குக் குறுக்க கட்டையால அணை கட்டி தண்ணியைத் தேக்கி, வெட்டின மரத்தையெல்லாம் தள்ளி ஒரேயடியா தொறந்து விடுவாங்க, அந்த வேகத்துல அடில இருக்கற சரளையும் சேர்ந்து போயிடும், வெறும் பாறைதான் மிஞ்சும். அப்புறம் 1950கள்லருந்து ஒரு முப்பது வருஷம், மீனைக் காப்பாத்த வேண்டிய துறைங்களே, மரம் அடைச்சுக்கிட்டா மீன் மேல ஏற முடியாதுன்னு நம்பி, ஆள் வெச்சு ஓடைங்களைச் சுத்தம் பண்ணினாங்க. நல்ல எண்ணத்துலதான் பண்ணினாங்க, அதை நெனச்சாத்தான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

கோஹோ சால்மனை எடுத்துக்கோங்க. தாய் மீன் வாலால சரளையைப் பறிச்சு முட்டை போட்டுட்டு செத்துப் போயிடும். வசந்தத்துல வெளிய வர்ற குஞ்சு உடனே கடலுக்குப் போகாது, பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல ஓடைலயேதான் வளரும். அதுக்கு வெயில் காலத்துல குளிர்ந்த மடு வேணும், நாரை, நீர்நாய் கண்ணுல படாம ஒளிய இடம் வேணும், வெள்ளம் வந்தா ஒதுங்கி நிக்க ஒரு ஓரம் வேணும். ஒரு பெரிய மரம் குறுக்க விழுந்தா இது மொத்தத்தையும் குடுத்துடும். தண்ணி அதுல மோதி அடில பறிச்சு மடு ஆக்கும், பின்பக்கம் வேகம் கொறைஞ்சு சரளை படியும், வேர்ச் சிக்கலுக்குள்ள குஞ்சு பூந்துக்கும். பாறையா கெடக்கற ஓடைல இதுல எதுவும் கிடையாது.

நான் படிச்சது சிவில். தண்ணின்னா தங்கு தடையில்லாம ஓடணும், அதான் எங்களுக்குப் பாடம். தண்ணி எவ்வளவு வேகமா ஓடும்னு கணக்குப் போடற மானிங் சமன்பாட்டுல சொரசொரப்புக்கு ஒரு எண் வரும், கான்கிரீட் வாய்க்காலுக்கு 0.013 மாதிரி போடுவோம், அது எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லதுன்னு பதிஞ்சு போன மனசு. இங்க வந்தா அதை 0.1க்கு மேல ஏத்துன்னு சொல்றாங்க. பழகறதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு.

அந்த மூணு மரம் போனது என் தப்புதான். மரம்னா மெதக்கும், காஞ்ச டக்ளஸ் ஃபர் மரம், அதே அளவு தண்ணியோட எடைல கிட்டத்தட்ட பாதிதான் இருக்கும். வெள்ளம் அதைத் தூக்காம இருக்கணும்னா கரைக்குள்ள ஆழமா பொதைக்கணும், இல்ல பாறாங்கல் ஏத்தணும், இல்ல செங்குத்தா கட்டை அடிச்சு நடுவுல கோக்கணும், அதுவும் இல்லேன்னா மரமே ஆத்தை விடப் பெருசா இருக்கணும். ஓரிகன் மாநிலத்துல சொல்ற கணக்கு, தூரோட இருந்தா ஆத்து அகலத்துல ஒன்றரை மடங்கு நீளம், தூர் இல்லேன்னா ரெண்டு மடங்கு. எங்க ஓடை அகலம் 10 மீட்டர். லாரில ஏத்த தோதா 12 மீட்டரா அறுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான், கல்லு போட்டிருக்கோமே தாங்கிடும்னு ஒரு நெனப்பு.

எக்ஸ்கவேட்டர் ஓட்டறவர் அன்னிக்கே சொன்னார். அறுபது தாண்டினவர், பரம்பரையா மரம் வெட்டற குடும்பம். இது இங்க நிக்காது தம்பிங்கற தொனில, கரைல நிக்கற ரெண்டு ஆல்டர் மரத்தைக் காட்டி அதுக்கு நடுவுல நொழைச்சுடலாம்னார், நான் டிராயிங்ல அப்படி இல்லேன்னேன். அவர் ஒண்ணும் பேசல, கடைசி ரெண்டு மரத்தை மட்டும் அவர் இஷ்டத்துக்கு வெச்சார். அந்தப் பெரிய இரும்புக் கையால தூரை மேல்நீரை, அதாவது தண்ணி வர்ற பக்கத்தைப் பார்க்கத் திருப்பி, ஊசில நூல் கோக்கற மாதிரி ஆல்டர் பட்டை ஒரசாம உள்ள விட்டு, பக்கெட்டோட முதுகால ரெண்டு தட்டு. நவம்பர்ல நின்ன நாலுல அந்த ரெண்டும் இருந்துச்சு. அவர் இருபது வயசுல ஒரு கோடை முழுக்க, மணிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கிக்கிட்டு இதே ஓடைலருந்து மரத்தை வெட்டி எடுத்தவர்னு அதுக்கப்புறம் ஒருநாள் சாப்பிடும்போதுதான் சொன்னார், சொல்லிட்டு ரொம்ப நேரம் தண்ணியவே பார்த்துக்கிட்டு இருந்தார்.

தண்ணி வடிஞ்சப்புறம் ரெண்டு மரம் கரை மேல ஏறிக் கெடந்துச்சு. மூணாவது ஒரு கிலோமீட்டர் கீழ, ஒரு வளைவுல தூர் மேல்பக்கமா திரும்பி, நுனி பாறைச் சந்துல மாட்டி நின்னுச்சு. எடுத்துடலாமான்னுதான் கேட்டேன். எங்க கூட வந்த பழங்குடி அரசோட மீன் ஆய்வாளர் அம்மா வேண்டாம், ஒரு வருஷம் விட்டுப் பார்க்கலாம்னாங்க. இங்க அவங்க வார்த்தைக்கு எடை ஜாஸ்தி, 1974ல நீதிபதி ஜார்ஜ் போல்ட் குடுத்த தீர்ப்புப்படி அமெரிக்க அரசோட ஒப்பந்தம் போட்ட பழங்குடிகளுக்கு, பிடிக்கத் தகுந்த சால்மன்ல பாதிக்கு உரிமை இருக்கு. மீனே இல்லாம போனா பாதி உரிமையை வெச்சு என்ன செய்யறது, அதான் இந்த மரம் போடற வேலைல பலதை அவங்களே முன்ன நின்னு நடத்தறாங்க.

அடுத்த ஆகஸ்ட்ல மீன் எண்ணப் போனோம். தண்ணி புகாத டிரைசூட் போட்டு, முகமூடி மாட்டி, குப்புறப் படுத்து ஊர்ந்துக்கிட்டே போகணும், தண்ணி ஒதடு மரத்துப் போற அளவுக்கு ஜில்லுனு இருக்கும். அந்த வளைவுல நுழைஞ்சதும் தரை காணாம போச்சு, நான் கொண்டுபோன ரெண்டு மீட்டர் அளவுகோல் முழுசா உள்ள போயிடுச்சு. வேருக்குக் கீழ டார்ச் அடிச்சேன். சுண்டுவிரல் நீளத்துல கோஹோ குஞ்சுங்க, ஆரஞ்சு வால், அடித் துடுப்போட முன் ஓரத்துல சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளை, எல்லாம் ஒரே பக்கமா தண்ணியை எதுத்து நின்னுக்கிட்டு, மெதந்து வர்ற பூச்சியைத் தாவிப் பிடிச்சுட்டு மறுபடி அதே எடத்துக்கு வந்து நிக்குதுங்க. நாப்பது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எது எண்ணினது எது எண்ணாததுன்னு தெரியல.

அந்தக் கோடையே மேல இருந்த குவியலைத் திருத்தினோம். வேலை பண்ற எடத்துல ரெண்டு பக்கமும் வலை கட்டி, உள்ள இருந்த மீனையெல்லாம் பக்கெட்ல அள்ளி மேல விட்டுட்டு, 16 மீட்டர்ல தூரோட ஸ்ப்ரூஸ் மரம் கொண்டுவந்தோம். எங்க நொழைக்கறதுன்னு இந்த தடவை எக்ஸ்கவேட்டர் ஓட்டறவரைக் கேட்டுட்டுத்தான் வரைஞ்சேன். ஓடிப்போன மரத்தையும் அந்த டிராயிங்ல குறிச்சு, பக்கத்துல 'இருக்கும் மரம், தொடக் கூடாது'ன்னு எழுதினேன், அவர் ஆரஞ்சு டேப் ஒண்ணு எடுத்துட்டுப் போய் அதோட வேர்ல கட்டிட்டு வந்தார். போன மாசம் பார்த்தேன், டேப் வெளுத்துப் போச்சு, மரத்து மேல பாசி பிடிச்சு, மேல்நீர்லருந்து வந்த சின்னச் சின்ன கட்டையெல்லாம் அதுல சாஞ்சு நிக்குது.