நாரெத்திஸ்டிரோனுடன் ஆறு மாதங்கள்

ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குப் போகும் நாளில் மாதவிலக்கு வந்துவிடும் என்று தெரிந்தால், அதைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்வது எங்கள் வீட்டுப் பெண்களிடம் நெடுநாள் வழக்கம். அது நாரெத்திஸ்டிரோன் என்னும் செயற்கை ஹார்மோன் என்பது, ஏற்காட்டில் வேதியியல் கற்பிக்கும் எனக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும், 46 வயதில் பெரும்பாடு என்னும் மிகையான உதிரப்போக்கு வந்து பதினெட்டு நாள்களாகியும் நிற்காதபோது நான் செய்த முதல் காரியம், அலமாரியில் மிச்சமிருந்த 5 மில்லிகிராம் மாத்திரைகளை நாளைக்கு மூன்று வீதம் நானாகவே விழுங்கியதுதான். அவை தீர்ந்ததும் கடையில் மருத்துவர் சீட்டு எதுவும் கேட்காமல் மேலும் இரண்டு அட்டைகள் கொடுத்தார்கள். அவர்கள் கேட்காதது அப்போது வசதியாக இருந்தது. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மூன்றாம் நாளே உதிரம் நின்றதால் குணமாகிவிட்டது என்று நம்பினேன். பத்து நாள் கழித்து மாத்திரையை நிறுத்தியதும், அடுத்த மூன்றாம் நாள் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே முன்னைவிட அதிகமாகக் கொட்டத் தொடங்கியது. அன்று மாலை சேலத்துக்குப் பேருந்தில் மலையிறங்கியபோது, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மடித்துப் போட்ட துண்டின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் சென்ற தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டு, கருப்பையை எடுத்துவிடலாம், அடுத்த வாரமே நாள் குறிக்கலாம் என்றார்கள். “பிள்ளை பெற்று முடிச்சாச்சு, இனி அது எதுக்கு அண்ணி, எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருங்க” என்று என் நாத்தனாரும் சொன்னார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஏன் இப்படி ஆகிறது என்று யாருமே சொல்லாத நிலையில் ஓர் உறுப்பை இழக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலை ஏழரை மணிக்கே சீட்டுப் போட வரிசையில் நின்றேன்.

அங்கிருந்த மருத்துவர் அம்மா, நான் விழுங்கிய மாத்திரைகளின் கணக்கை முதலில் கேட்டு எழுதிக்கொண்டார். நாற்பதைத் தாண்டியபின் சில மாதங்களில் கருமுட்டை வெளிப்படாமலே போகும் என்றும், அப்போது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது என்றும், படலத்தை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மட்டும் தனித்து வேலை செய்வதால் கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போய் ஒழுங்கின்றிச் சரியும் என்றும் விளக்கினார். நாரெத்திஸ்டிரோன் அந்தப் புரோஜெஸ்டிரோனின் இடத்தில் நின்று படலத்தைத் தாங்குகிறது; மாத்திரையை நிறுத்தினால் தாங்கல் போய், இரண்டு மூன்று நாளில் படலம் உதிர்கிறது. என் வகுப்பறையில் நடந்ததும் அதுதான். “மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நீங்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள்” என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஹீமோகுளோபின் 7.8 இருந்தது, 12 இருக்க வேண்டும். இரும்புச்சத்து ஊசியை சலைனில் கலந்து, கடுங்காப்பி நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஸ்கேனில் உட்படலம் 16 மில்லிமீட்டர். அதன்பின் படலத்தில் சிறிது எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி: மெல்லிய குழாய் உள்ளே சென்றபோது ஒரு நிமிடம் பிரசவ வலியைப் போல அடிவயிறு இறுகி விட்டது, அவ்வளவுதான். ஃபார்மலின் புட்டியில் நொய்யரிசி அளவுகூட இல்லாத துணுக்குகள் மிதந்தன. அவற்றின் முடிவுக்காகக் காத்திருந்த பத்து நாள்களே இந்த ஆறு மாதத்தில் மிகவும் நீண்டவை.

படலம் மிகையாக வளர்ந்திருக்கிறது, செல்களில் புற்றுநோய்க்கு முந்தைய மாறுபாடு இல்லை என்று முடிவு வந்தது. இவ்வகை வளர்ச்சி இருபது ஆண்டுகளில் புற்றாக மாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற செயற்கை ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளிவிடும், கருப்பைக்குள் வைக்கும் சாதனமே முதல் தேர்வு என்று மருத்துவர் சொன்னார். நான் மாத்திரையைக் கேட்டேன். காலையும் இரவும் 5 மில்லிகிராம், இடைவெளியின்றி ஆறு மாதம்.

இதே நாரெத்திஸ்டிரோன் 0.35 மில்லிகிராம் அளவில் தினசரிக் கருத்தடை மாத்திரையாகிறது. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் உடல் அனலுக்காக ஈஸ்ட்ரோஜன் கொடுக்கும்போது, கருப்பை உள்ளவர்களுக்குப் படலம் தடிக்காமலிருக்க 1 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ இதைச் சேர்க்கிறார்கள். ஆனால் திருவிழாவுக்காகச் சில நாள் விழுங்கும் மாத்திரையைக் கருத்தடையாக நம்பக் கூடாது என்பதைப் பெண்கள் அறிய வேண்டும். நாரெத்திஸ்டிரோனை 1951 அக்டோபர் 15 அன்று மெக்சிகோ நகரத்தின் சின்டெக்ஸ் ஆய்வகத்தில் லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற 26 வயது இளைஞர் உருவாக்கினார். அந்த ஆய்வகத்தின் ஹார்மோன் வேலைகளுக்கு மூலப்பொருளைத் தந்தது, நம் மலையில் தோண்டியெடுக்கும் காட்டுவள்ளியின் இனத்தைச் சேர்ந்த கிழங்கு. இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா கிழங்கையே அவித்துத் தின்னலாமா என்று கேட்டார். கிழங்கில் உள்ள பொருளை நம் உடலால் ஹார்மோனாக மாற்ற முடியாது, ஆய்வகத்தில்தான் முடியும் என்று விளக்கினேன்.

முதல் மாதம் மார்பு கனத்தது, வயிறு உப்பியது, காரணமின்றி அழுகை வந்தது. கால் வீக்கம், நெஞ்சு வலி, கடுமையான தலைவலி, கண் மஞ்சளித்தல் ஆகியவை வந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்; அவை வரவில்லை. ஆத்தூரில் ஒரு திருமணத்துக்குப் போனபோது மாத்திரையை எடுத்துச் செல்ல மறந்தேன்; இரண்டாம் நாளே உதிரம் தெரிந்தது. அதற்குப்பின் ஓர் அட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஆறாம் மாதம் எடுத்த பயாப்ஸியில் படலம் இயல்பாக இருந்தது. ஹீமோகுளோபின் 11.9. மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் விலக்கு வந்து ஐந்து நாளில் நின்றது. இம்முறை அது வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இன்னும் ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய அடுத்த பயாப்ஸிக்கான தேதியை மருத்துவர் சீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.