மளிகைப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

மாதம் பிறந்ததும் ஒரே பட்டியல் எழுதி, ஒரே கடையில், ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கி முடிப்பது நம் வீடுகளில் பழகிப்போன வழக்கம். வேலை சுலபம்தான். ஆனால் மளிகையில் பணம் கூடுதலாகப் போவதும் பெரும்பாலும் இதனால்தான். வரமிளகாய், உளுந்து, கத்தரிக்காய் மூன்றும் ஒரே மாதிரி வாங்க வேண்டிய பொருள்கள் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை வாங்க வேண்டியவை சில, மாதாமாதம் வாங்க வேண்டியவை சில, வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் குப்பைக்குப் போகிறவை சில. முதலில் பட்டியலை இப்படி மூன்றாகப் பிரித்துவிட வேண்டும். எந்தக் கடை மலிவு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

வருஷச் சாமான் என்று நம் பாட்டிமார் வாங்கிவைத்த புளி, வரமிளகாய், மல்லி, மஞ்சள் நான்குக்கும் புது வரத்து தை மாதத்தில் தொடங்கி பங்குனி, சித்திரை வரை இருக்கும். விலை இறங்கும் காலமும் வெயில் காயும் காலமும் ஒன்றாக வருவதால்தான் அப்போதே வாங்கிக் காயவைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதே மிளகாயை வாங்கினால் விலையும் கூட, மழைக்காலத்து ஈரமும் சேர்ந்து எடையில் ஏறியிருக்கும். 4 பேர் உள்ள வீட்டுக்கு மாதம் அரை கிலோ புளி என்றால் வருஷத்துக்கு 6 கிலோ, மிளகாய் 3 முதல் 4 கிலோ, மல்லி 4 முதல் 5 கிலோ போதும். இந்த அளவுக்கு மதுரை கீழமாசி வீதி, சேலம் லீ பஜார், சென்னை கொத்தவால் சாவடி போன்ற மொத்தக் கடைப் பகுதிகளுக்குப் போகலாம். ஒரு வீட்டுக்காகப் போனால் பஸ் கட்டணமும் ஆட்டோ கூலியும் லாபத்தைத் தின்றுவிடும். அக்கம்பக்கத்தில் மூன்று நான்கு வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

புளி வாங்கும்போது ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஓடு நீக்கி, கொட்டை எடுக்காத புளி ஒரு கிலோ வாங்கினால் சுத்தம் செய்தபின் கையில் நிற்பது ஏறக்குறைய 600 கிராம்தான். மீதி கொட்டையும் நாரும். ஆகவே கொட்டை எடுத்த புளி கிலோ 200 ரூபாய் என்றால், கொட்டைப் புளி 120 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் அதை வாங்குவதில் அர்த்தம் உண்டு. 140க்கு வாங்கி, உட்கார்ந்து கொட்டை எடுப்பது பணத்துக்கும் நஷ்டம், கைக்கும் நஷ்டம். வாங்கியதும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அழுத்தி அடைக்க வேண்டும். அலுமினியம், தகர டப்பா வேண்டாம். புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

மிளகாயில் பார்க்க வேண்டியது காம்பும் ஈரமும். காம்போடு இருக்கும் மிளகாய் நாள்பட நிற்கும். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும், ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். அங்கங்கே வெள்ளை பாய்ந்த சோடை மிளகாய் அதிகம் கலந்திருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நிறமும் வராது, காரமும் வராது. வருஷத்துக்கு வாங்கினாலும் அரைப்பதை மொத்தமாக அரைக்கக் கூடாது. தூளாக்கிய பிறகு நிறமும் மணமும் வேகமாகப் போய்விடும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஆகும் அளவை மட்டும் மில்லுக்குக் கொண்டுபோங்கள். மில்லில் இருந்து வரும் தூள் நல்ல சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் மூடினால் ஆவி குளிர்ந்து மூடியில் நீர் கோத்து, மேல்பகுதி கட்டி தட்டி, ஒரு மாதத்தில் பூஞ்சை வாடை வரும். வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளின் மேல் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி, முழுதாக ஆறிய பிறகே அடைக்க வேண்டும்.

அடுத்து அரிசி. கடையில் 26 கிலோ மூட்டை வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் வரி. 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டி முன்கூட்டியே பொட்டலமிட்ட அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்கு 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 25 கிலோவைத் தாண்டிய மூட்டைக்கும், கடையில் நிறுத்துக் கொடுக்கும் சில்லறை அரிசிக்கும் அந்த வரி இல்லை. கிலோ 60 ரூபாய் அரிசியில் இது கிலோவுக்கு 3 ரூபாய். அதே ரக அரிசியின் 26 கிலோ மூட்டையையும் 10 கிலோ பையையும் கிலோ கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். மூட்டையில் வித்தியாசம் 3 ரூபாய்க்கும் குறைவாக இருந்தால், வரிச் சலுகையைக் கடைக்காரரே வைத்துக்கொள்கிறார் என்று பொருள்.

மூட்டையை வெறும் தரையில் வைக்காதீர்கள். சிமெண்ட் தரையின் ஈரம் அடி அரிசிக்கு ஏறும். பலகை போட்டு வைத்து, இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துபோகும் அளவே வாங்குங்கள். வண்டு வந்துவிட்டது என்று பச்சரிசியை உச்சி வெயிலில் கொட்டிக் காயவைப்பது தவறு. மணியில் விரிசல் விட்டு, களையும்போதும் வேகும்போதும் நொய்யாக உடையும். நிழலில் பரப்பிச் சலித்தால் போதும்.

அரிசியும் உளுந்தும் ஒன்றுக்கொன்று நேரெதிர். அரிசி பழையதாக ஆக ஆகச் சோறு உதிரியாக வரும், ஒரே அளவு அரிசியில் சோறும் கூடுதலாகக் காணும். உளுந்து பழசானால் மாவு காணாது. ஆட்டுக்கல்லிலோ கிரைண்டரிலோ எவ்வளவு நேரம் ஓடினாலும் பொங்காது. கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு என்று பழைய உளுந்தை 5 கிலோ வாங்கினால், ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட வேண்டிவரும், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். உளுந்தை ஒரு மாதத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம். அதிக விற்பனை உள்ள, சரக்கு சீக்கிரம் மாறும் கடையில் வாங்குங்கள்.

இட்லி மாவின் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து ஊறவைத்து அரைத்தால் ஏறக்குறைய இரண்டரை கிலோ மாவு வரும். அரிசி கிலோ 45, உளுந்து கிலோ 130 என்று வைத்தால் 36க்கு அரிசி, 26க்கு உளுந்து. வெந்தயம், உப்பு, மின்சாரம் சேர்த்தாலும் 70 ரூபாய்க்குள் முடியும். கடையில் கிலோ 50 ரூபாய் மாவு இரண்டரை கிலோ 125. வாரம் இரண்டு முறை வீட்டில் அரைத்தால் மாதம் மிச்சமாவது 440 ரூபாய்க்குக் குறையாது. இட்லி அரிசியில் பாதிக்கு ரேஷன் புழுங்கல் அரிசியைக் கலந்தால் செலவு இன்னும் இறங்கும்.

ரேஷன் அரிசியில் தண்ணீரில் மிதக்கும் மணிகளைப் பிளாஸ்டிக் என்று நினைத்துப் பொறுக்கி எறிகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி மாவிலேயே செய்த செறிவூட்டப்பட்ட மணிகள். 100 கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலந்தவை. எறிய வேண்டாம், அதிகம் களைந்து கொட்டவும் வேண்டாம்.

ரேஷன் அரிசி பிடிக்காது என்பதற்காகக் கடைக்கே போகாமல் இருக்கும் அரிசி அட்டைதாரர்கள் துவரம் பருப்பையும் பாமாயிலையும் இழக்கிறார்கள். பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் இரண்டும் 130 ரூபாய் என்று கொண்டால், பருப்பில் 100, எண்ணெயில் 105, மாதம் 205 ரூபாய், வருஷத்துக்கு 2,460. அரிசி வாங்கினால்தான் மற்றது என்ற கட்டாயம் இல்லை. சர்க்கரையையும் வாங்கிக்கொள்ளலாம். மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், இருப்பு தீர்ந்துவிடும். கடையில் என்ன இருக்கிறது என்பதை ரேஷன் செயலியிலேயே பார்த்துவிட்டுப் போகலாம்.

பயறு வகைகளில் முழுப் பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு ஆகியவற்றுக்குத்தான் வண்டு அதிகம். முட்டை வயலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. டப்பா எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளிருந்தே பொரியும். வாங்கியதும் கவரோடு ஃப்ரீசரில் 4 நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்த உடனே கவரைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த பயறின் மேல் காற்றின் ஈரம் படியும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரித்து டப்பாவில் போடுங்கள். உடைத்த பருப்பில் இந்தத் தொல்லை குறைவு.

இப்போது பாக்கெட் சாமான். இங்கேதான் கண் அதிகம் ஏமாறும். இரண்டு சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டுகள் பார்க்க ஒரே அளவு, ஒன்று 150 ரூபாய், மற்றொன்று 143. கை தானாக 143க்குப் போகும். பின்பக்கம் திருப்பினால் முதலாவதில் ஒரு லிட்டர், 910 கிராம். இரண்டாவதில் 850 கிராம். கிலோவுக்குக் கணக்கிட்டால் முதலாவது ஏறக்குறைய 165 ரூபாய், இரண்டாவது 168. விலை குறைந்த பாக்கெட்தான் உண்மையில் விலை கூடியது. சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் என்பது 910 கிராம் என்பதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். செக்குக் கடையில் ஒருவர் கிலோ கணக்கிலும் மற்றவர் லிட்டர் கணக்கிலும் விலை சொல்லும்போதும் இது வேண்டும்.

பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ ஆகும் விலையைச் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சட்டப்படி அது இருக்க வேண்டும். ஆனால் அதில் இரண்டு சிக்கல். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் விலையும், அதற்கு மேற்பட்டதில் கிலோ விலையும் இருக்கும். கிராம் விலையை 1000 ஆல் பெருக்கித்தான் ஒப்பிட முடியும். இரண்டாவது, அது எம்ஆர்பியை வைத்துப் போட்ட கணக்கு. தள்ளுபடி விலைக்கு நீங்களே வகுத்துப் பார்க்க வேண்டும்.

செக்கு எண்ணெயில் விலை மிகக் குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டேகாலால் பெருக்கிப் பாருங்கள். புண்ணாக்கு விற்ற காசையும் கழித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மிகக் கீழே எண்ணெய் விற்றால் கலப்படம்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சலவைத் தூளுக்குப் பொருந்தும். ஷாம்புவில் பல பிராண்டுகளில் சாஷேயே மில்லி கணக்கில் பாட்டிலைவிட மலிவு. 6 மில்லி சாஷே 2 ரூபாய் என்றால் மில்லி 33 காசு. 340 மில்லி பாட்டில் 250 ரூபாய் என்றால் மில்லி 73 காசு. குப்பை சேரும் என்பது உண்மை, அது நம் மனச்சாட்சிப்படி முடிவு செய்ய வேண்டியது. 10 ரூபாய் பிஸ்கட், காபித்தூள் பாக்கெட்டுகளில் விலை அப்படியே இருக்கும், கிராம்தான் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடையைப் படியுங்கள்.

காய்கறிக்கு உழவர் சந்தையை விட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் சந்தை தொடங்கியதிலிருந்து, அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடும் ஏற்பாடு நடக்கிறது. காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் நல்ல காய் தீர்ந்துவிடும். போக முடியாத நாளிலும் அந்த விலையைத் தெரிந்துகொண்டு தெருக்கடையில் பேசினால் பேரம் நியாயமாக இருக்கும். காயில் கழிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பச்சைப் பட்டாணி ஒரு கிலோ உரித்தால் பாதிக்கும் குறைவாகவே பருப்பு நிற்கும். காலிஃபிளவரில் தண்டும் இலையும் போனால் ஏறக்குறைய பாதி. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டும் சீக்கிரம் முளைவிட்டு அழுகும்.

கடைசியாக, தராசும் பில்லும். நிறுப்பதற்கு முன் எலக்ட்ரானிக் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தட்டோ டப்பாவோ வைத்து நிறுத்தால் அதன் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். தராசில் ஆண்டுதோறும் எடையளவுத் துறையின் முத்திரை இட வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் அலமாரிச் சீட்டில் ஒரு விலையும் பில்லில் ஒரு விலையும் வருவது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் தள்ளுபடிப் பொருள்களில். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னால், தள்ளுபடிக்காக எடுத்த பொருள்களை மட்டுமாவது பில்லில் சரிபாருங்கள். எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும், ஃப்ரிட்ஜில் வைத்த கூலி என்று சொன்னாலும் அது குற்றம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். பில்லும் பாக்கெட்டின் புகைப்படமும் கையில் இருக்கட்டும்.