பொத்தோசிக்கு மெதுவாக ஏறுங்கள்

பொலிவியாவின் பொத்தோசி நகரம் கடல்மட்டத்துக்குச் சுமார் 4,070 மீட்டர் மேலே இருக்கிறது. லடாக்கின் லே நகரத்தைவிட அரை கிலோமீட்டருக்கும் அதிகமான உயரம். ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். புல்லும் சரியாக முளைக்காத இந்த இடத்தில் 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இங்கே வசித்தார்கள்.

போய்வந்த பிறகு நண்பர்கள் யாரும் வெள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை. “தலை சுற்றவில்லையா?” என்பதுதான் முதல் கேள்வி. சுற்றியது. ஆனால் சுருண்டு படுக்கவில்லை. காரணம் எங்கள் உடல்வலிமை அல்ல, நாங்கள் போன வழி. அதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பொலிவியாவுக்கு வருகிறவர்களில் பலர் லா பாஸ் நகரத்துக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். அதன் விமான நிலையம் எல் ஆல்தோவில், 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சமவெளியில் ஏறி உட்கார்ந்த உடல், விமானத்தின் கதவு திறந்ததும் அந்த உயரத்தைச் சந்திக்க வேண்டும். நாங்கள் அதைத் தவிர்த்து சான்டா குரூஸில் இறங்கினோம். அது 400 மீட்டர் உயரத்தில் புழுங்கிக்கொண்டிருக்கும் சமவெளி நகரம். அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் சூக்ரே, சுமார் 2,800 மீட்டர். அங்கே சில இரவுகள் தங்கிவிட்டு, தரைவழியாகப் பொத்தோசி.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய பயணிகளின் அனுபவத்தை நம்பாமல் தூதரகத்தையே கேட்டுவிடுங்கள். தள்ளிப்போடவே கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பொலிவியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் பலருக்குப் போட்டுத் தீர்க்க வேண்டிய மருந்து அது. நினைத்த நேரத்தில் போய் நின்றால் கிடைக்காது, முன்பதிவு தேவை.

சூக்ரேயை வெறும் இடைத்தங்கலாக நினைக்க வேண்டாம். பொத்தோசியின் குளிரும் காற்றும் தாங்காத சுரங்க முதலாளிகள் இங்கேதான் வீடு கட்டிக்கொண்டார்கள். வெள்ளையடித்த சுவர்கள், உள்முற்றங்கள், 1624இல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1825 ஆகஸ்ட் 6ஆம் தேதி பொலிவியாவின் விடுதலைப் பிரகடனம் கையெழுத்தான மண்டபமும் நடுச்சதுக்கத்தில்தான் இருக்கிறது. எங்களுக்கோ ஊர் ஒரு உடற்பயிற்சிக் கூடமாகவும் பயன்பட்டது. சதுக்கத்திலிருந்து லா ரெக்கோலெத்தா மடாலயத்துக்கு ஏறும் தெரு செங்குத்தானது. தினமும் காலையில் அதில் ஏறினோம். முதல் நாள் பாதியிலேயே சுவரைப் பிடித்து நின்றேன். பேசிக்கொண்டே மேலே போய்ச் சேர முடிந்த நாளில், பொத்தோசிக்குக் கிளம்பலாம் என்று முடிவு செய்தோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவு தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. சூக்ரேயிலிருந்து பொத்தோசி போனால் மூன்று மணி நேரத்தில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். அதாவது, இந்த வழியும் முழுப் பாதுகாப்பு அல்ல. ஆகவே ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து, உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை எழுதி வாங்கியிருந்தோம். ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டால் விரல் நுனிகள் மரத்து ஊசி குத்துவதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும், சோடா கலந்த பானம் எதைக் குடித்தாலும் சப்பென்று இருக்கும். இவையெல்லாம் மாத்திரையின் வேலை என்று முன்பே தெரிந்திருந்ததால் பயம் இல்லை.

சூக்ரேயிலிருந்து பஸ்ஸும் உண்டு, ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்பும் டாக்ஸியும் உண்டு. பில்கோமாயோ ஆற்றைக் கடக்கும் இடத்தில், இரு முனைகளிலும் கோட்டைக் கோபுரங்கள் வைத்த பழைய தொங்குபாலம் தெரியும். அதற்குப் பிறகு மரங்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பழுப்புப் புல் மட்டும் மிஞ்சுகிறது.

பொத்தோசியின் புதிய பஸ் நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறது. பழைய நகரத்துக்கு டாக்ஸியில் போய்விடுங்கள். முதல் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பது வீம்பு. தங்கும் இடத்தில் தரைத்தள அறை கேட்டு வாங்குவதும் நல்லது. எங்களுக்கு மாடியில்தான் கிடைத்தது, அந்தப் படிக்கட்டை இன்னும் மறக்கவில்லை. வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைக் கொண்டுபோயிருந்தேன். சென்னையில் 98 காட்டும் கருவி அங்கே 86 காட்டியது. தினமும் நடைப்பயிற்சி செய்கிறவன் நான். மனைவிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அவளுக்கு 89. உயரம் யாரை எப்படிப் பிடிக்கும் என்பதற்கும் உடற்பயிற்சிக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னதை அவள் அன்று பலமுறை எடுத்துச் சொன்னாள்.

இரவுதான் கடினம். தூக்கத்தில் மூச்சு சில விநாடிகள் நின்று, பிறகு திடுக்கென்று பெரிதாக இழுத்து எழுப்பிவிடுகிறது. உயரத்தில் இது பலருக்கும் நேர்வதுதான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ கதை வேறு. அப்போது விடியும்வரை காத்திருக்கக் கூடாது, கீழே இறங்கிவிட வேண்டும். நாங்கள் சூக்ரேயில் ஒரு டாக்ஸி ஓட்டுநரின் எண்ணை வாங்கி வைத்திருந்தது அதற்காகத்தான். தேவைப்படவில்லை.

சாப்பாட்டில் முதல் நாள் சூப்பே போதும். இந்த ஊருக்கே உரியது கலாபுர்க்கா. மக்காச்சோள மாவில் செய்த கெட்டியான காரச் சூப்பை மண்கிண்ணத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். நடுவில் அடுப்பில் காய்ந்த ஒரு எரிமலைக் கல். கிண்ணம் மேசைக்கு வந்த பிறகும் குமிழிவிட்டுக் கொதிக்கிறது. விளிம்பில் படிந்த மாவு கருகும் வாசனை வருகிறது. அவசரப்பட்டால் நாக்கு போய்விடும். தண்ணீரே 87 டிகிரியில் கொதித்துவிடும் ஊரில், சூட்டைக் கல்லில் ஏற்றி உள்ளே போடுகிறவர்கள் விவரமானவர்கள்.

மறுநாள் நாணயச்சாலை. 1759இலிருந்து 1773 வரை கட்டிய கட்டடம், இப்போது அருங்காட்சியகம். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுகிறார்கள். வெளியே வெயில் சுட்டாலும் கம்பளிச் சட்டையோடு போங்கள். தடித்த சுவர்களுக்குள் குளிர் எலும்பில் ஏறுகிறது. வாசல் முற்றத்தில் பெரிய முகமூடி ஒன்று கோணல் சிரிப்போடு தொங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் மாட்டியது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை.

அங்கே ஒரு நாள் முழுக்க நிற்கலாம் என்றால் அது வெள்ளித் தகடு இழுத்த இயந்திரங்களின் முன்னால்தான். ஆளுயரத்துக்கும் மேலான மரப் பற்சக்கரங்கள், ஸ்பெயினிலிருந்து வந்தவை. இவை மேல்தளத்தில். கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் நடுத்தூணைச் சுற்றிச் சுற்றி வந்து அவற்றைச் சுழற்றின. உருக்கிய வெள்ளிப் பாளத்தை உருளைகளுக்கு இடையே கொடுத்துக் கொடுத்து, நாணயத்தின் தடிமனுக்குக் கொண்டுவருவார்கள். கீழே போய்க் கழுதைகள் சுற்றிய இடத்தையும் பாருங்கள். கூரை தாழ்வு, வெளிச்சம் குறைவு. மேலே பார்த்த பொறியியல் கீழே வந்ததும் வேறு மாதிரித் தெரிகிறது.

இதற்கு முந்தைய காலத்து நாணயங்கள் கையால் வெட்டிச் சுத்தியலால் அடித்தவை. எடைக்காக ஓரத்தை நறுக்கியதால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வடிவம் ஒத்துப்போகாது. இந்த அவலட்சணமான துண்டுகளைத்தான் உலகம் நம்பியது. ஸ்பானிய அமெரிக்க வெள்ளி மணிலா வழியாகச் சீனாவுக்குப் போனது. ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்களில் சோழமண்டலக் கரைக்கு வந்து நம் நெசவாளர்களின் துணிக்கு விலையானதும் அதுதான். அந்த நம்பிக்கையில் ஒருமுறை ஓட்டை விழுந்தது. 1649இல் நாணயங்களில் வெள்ளியைக் குறைத்த மோசடி பிடிபட்டு, வெள்ளி வணிகர் பிரான்சிஸ்கோ கோமெஸ் தெ லா ரோச்சாவுக்கு 1650இல் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். இத்தனையும் நடந்த நாட்டின் இன்றைய நாணயங்கள் வெளிநாட்டில்தான் அச்சாகின்றன.

ஓவியக்கூடத்தில் ‘மலையின் கன்னி’ என்ற படத்தைத் தவறவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டு, வரைந்தவர் பெயர் இல்லை. வெள்ளி கிடைத்த செர்ரோ ரிக்கோ மலையே மாதாவின் ஆடை. உச்சியில் முகம், சரிவுகளிலிருந்து நீளும் கைகள், இருபுறமும் சூரியனும் நிலவும். ஆடை முழுவதும் பாதைகள், குட்டி குட்டி மனிதர்கள், லாமாக்கள். ஸ்பெயினிலிருந்து வந்தவர்களின் மாதாவும் இந்த மண்ணின் மலைத்தாயும் ஒரே உருவத்தில் நிற்கிறார்கள்.

சுரங்கத்துக்குள் போவதா என்பதில் எங்களுக்குள் சண்டை. செர்ரோ ரிக்கோவில் இன்றும் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த தொழிலாளிகள் துத்தநாகமும் ஈயமும் வெள்ளியும் தோண்டுகிறார்கள். நூற்றாண்டுகளாகக் குடைந்ததில் 2011இல் உச்சிப் பகுதி உள்வாங்கியது. 2014இல் யுனெஸ்கோ இந்நகரை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. உள்ளே சிலிக்கா தூசு, நுரையீரலை அரிக்கும் நோய். மூச்சுவிட முடியாத இடத்தில் ஒருவர் பிழைப்புக்காக உழைப்பதை டிக்கெட் எடுத்துப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. “கூட்டிப்போகிறவர்களில் பலர் முன்னாள் சுரங்கத் தொழிலாளிகள். நீங்கள் போகாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள், திரும்ப உள்ளே இறங்குவார்களா?” என்றாள் மனைவி. பதில் இல்லை. அவள் போனாள், நான் வாயிலில் உட்கார்ந்திருந்தேன்.

போகும் வழியில் கால்வாரியோ பகுதிக் கடைகளில் தொழிலாளிகளுக்குக் கொடுக்க, மெல்லும் கொக்கா இலையும் குளிர்பானமும் வாங்கினோம். அங்கே டைனமைட்டும் சில்லறையாகக் கிடைக்கிறது. சுரங்க வாயிலின் கல்லில் கறுத்துப்போன கறை. லாமா பலி கொடுத்த ரத்தம். வெளியே வந்த மனைவியின் முகமெல்லாம் சாம்பல் நிறம். உள்ளே குளிரல்ல, வெக்கை என்றாள். சுரங்கத்தின் தெய்வமான எல் தீயோவின் கொம்பு வைத்த களிமண் சிலையின் வாயில் சிகரெட் செருகி, கொக்கா இலை தூவி, சாராயம் ஊற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்களாம். “சுடலைமாடனுக்குச் சுருட்டு வைக்கிறோமே, அதேதான். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள்” என்றாள். நான் போயிருக்கலாமோ என்று அந்த ஒரு நிமிடம் மட்டும் தோன்றியது.

பயணக் கையேடுகள் ஒதுக்கித்தள்ளும் ஓர் இடம் இருக்கிறது. ஊருக்குத் தென்கிழக்கே கரி கரி மலைகளில் உள்ள ஏரிகள். இன்னும் உயரம் என்பதால் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். செர்ரோ ரிக்கோவின் மேல்மட்ட வளமான தாதுவை இந்த மண்ணின் பழங்குடிகள் காற்றுலைகளில் உருக்கினார்கள். அது தீர்ந்ததும், 1570களில் ஸ்பெயின் அரசரின் வைஸ்ராய் தொலேதோ, தாதுவிலிருந்து வெள்ளியைப் பாதரசத்தால் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். தாதுவை மாவாக இடிக்க வேண்டும், இடிக்கும் ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். வறண்ட மலையில் அதற்காக ஏரிகள் வெட்டி, கல்லடுக்கிக் கரை கட்டினார்கள். பதினாறு மாகாணங்களிலிருந்து வயது வந்த ஆண்களில் ஏழில் ஒருவரைக் கட்டாய வேலைக்கு இழுத்துவந்த மீத்தா முறையும் அதே தொலேதோ ஒழுங்கு செய்ததுதான். 1626 மார்ச்சில் சான் இல்தெஃபோன்சோ ஏரிக்கரை உடைந்து, வெள்ளம் ஆற்றோரத்து ஆலைகளையும் குடியிருப்புகளையும் அடித்துக்கொண்டு போனது. கரையில் நின்று ஊரைப் பார்த்தால், நீர் எந்த வழியில் இறங்கியிருக்கும் என்பதை விரலால் வரைந்து காட்டிவிடலாம். இந்த ஏரிகள் இன்றும் ஊருக்குக் குடிநீர் தருகின்றன.

சான் லொரென்சோ தேவாலயத்தின் கல்வாசலுக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். நரம்புக் கருவி மீட்டும் கடற்கன்னிகள் அங்கே இருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ மடத்தின் ஓட்டுக்கூரை மேல் நடக்கவும் விடுகிறார்கள். மற்ற தேவாலயங்களை நாங்கள் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. ஏறி இறங்க மூச்சு இல்லை.

உப்புப் பாலைவனம் பார்க்க உயூனி போகிறவர்கள் புதிய நிலையத்துக்குப் போய் நிற்காமல் பழைய பஸ் நிலையத்தில் விசாரியுங்கள். கொக்கா இலை பொலிவியாவில் சட்டப்படி விற்பனையாகும் பொருள். அறைக்கு அறை அதில் தேநீர் தருகிறார்கள், தலைவலிக்கு இதமாகவும் இருந்தது. இந்தியாவில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. ஊர் திரும்பும்முன் எல்லாப் பைகளையும் கவிழ்த்து உதறுங்கள். குளிர்சட்டையின் உள்பையில் கிடக்கும் ஒற்றைத் தேநீர்ப் பொட்டலமும் அதில் சேர்த்திதான்.