கடை வளாகத்துக்கு ஒரு சிக்னல், சைக்கிளுக்கு ஏழு நொடி

தினமும் நான் சைக்கிளில் வேலைக்குப் போகும் சாலையில், ஒரு கம்பத்தில் அறிவிப்பு கட்டியிருந்தார்கள். காலி மனையில் பெரிய கடை வளாகம் வருகிறது, அதற்காகப் புதிதாக ஒரு சந்திப்பும் சிக்னலும் அமைக்கப்போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் எழுதலாம் என்று. இரண்டு நாள் கடந்துபோய் மூன்றாம் நாள்தான் இறங்கிப் படித்தேன். கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று இரவே ஆவேசமாக ஒரு கடிதம் எழுதினேன். சைக்கிள்காரனை யாரும் மதிப்பதில்லை என்கிற ரகம். நல்லவேளை, அனுப்பவில்லை. முன்பு இதேபோல் மனு போட்டுப் பழகிய நண்பர் படித்துவிட்டு, "இதுல அவங்க பதில் சொல்ல என்ன இருக்கு? போக்குவரத்து அறிக்கையை எடு. பின்னாடி இருக்கிற அட்டவணையில இருந்து ஆரம்பி" என்றார்.

வளாகத்தால் சாலையில் எவ்வளவு வண்டி கூடும் என்று கணக்கிட்ட அந்த அறிக்கை தடிமனாக இருந்தது. முன்பக்கத்து முடிவுரை எல்லாம் இனிப்பாகவே இருந்தது, விஷயம் பின்னால்தான். முதலில் கண்ணில் பட்டது, வாகனங்களை எண்ணிய நாள். வாரநாள் மாலை. அலுவலக நெரிசலுக்கு அது சரி. ஆனால் கடைக்கு உச்சக் கூட்டம் சனிக்கிழமை மதியம் அல்லவா? அதற்கு எண்ணிக்கையே இல்லை.

அடுத்தது, வரப்போகும் வாகனங்களின் கணக்கு. வளாகத்துக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் எப்படியும் அந்தச் சாலையில் போகிறவர்கள், போகிற வழியில் நுழைகிறவர்கள், எனவே அவர்கள் புதிய போக்குவரத்து அல்ல என்று கழித்திருந்தார்கள். எங்கும் செய்கிற கழிவுதான், தப்பில்லை. எனக்கு உறைத்தது வேறு. வண்டி பழையதாக இருக்கலாம், ஆனால் அது திரும்பும் திருப்பம் புதிது. இதுவரை என் பக்கத்தில் நேராகப் போன கார், இனி இடது ஓரமாக நேராகப் போகும் என் குறுக்கே வெட்டித் திரும்பும். நெரிசல் கணக்கில் பூஜ்யமாகிவிட்ட அதே கார், சைக்கிளுக்கு முழு ஆபத்தாக நிற்கிறது. மனுவின் முதல் பத்தி இதுதான் என்று முடிவுசெய்தேன்.

அப்புறம் வரைபடம். அதில் இரண்டு சங்கதிகள். ஒன்று, வளாகத்துக்குள் சிக்னலில் நிற்காமலே நழுவ ஒரு ஃப்ரீ லெஃப்ட். மூலை அகலமாக, 15 மீட்டர் ஆரத்தில் வளைந்திருந்தது. கன்டெய்னர் லாரி திரும்பவேண்டுமே என்பது காரணம். லாரி நாளைக்குச் சில தடவை வரும். அந்த வளைவில் கார்கள் நாள் முழுக்க 25 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கைத் தொடாமலே திரும்பும். ஆரத்தை 6 மீட்டர் அளவுக்குக் குறைத்தால் வேகம் 15 பக்கம் இறங்கிவிடும். லாரியின் பின்சக்கரம் மட்டும் ஏறிப்போக, மூலையில் கொஞ்சம் உயர்த்திய கல்தளம் போட்டால் போதும்.

இரண்டாவது சங்கதி, சைக்கிளுக்கென்று அவர்கள் கொடுத்த 'வசதி'. நடைபாதையில் ஏறி, பொத்தானை அழுத்தி, மூன்று துண்டாகச் சாலையைக் கடக்கவேண்டும். நேற்றுவரை நிற்காமல் நேராகப் போன இடத்தில் மூன்று தரம் நிற்பது. 2020-இல் பிரிட்டன் வெளியிட்ட சைக்கிள் கட்டமைப்பு வழிகாட்டுதல், சைக்கிளைப் பாதசாரியாக அல்ல, வாகனமாக நடத்தவேண்டும் என்கிறது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் டச்சு பாணி ரவுண்டானா ஒன்றைத் திறந்தார்கள். அதில் சைக்கிளுக்குச் சுற்றிலும் தனித்தடம். உள்ளே வருகிற, வெளியேறுகிற கார் அதற்கு வழிவிட வேண்டும். இரண்டையும் மனுவில் சேர்த்தேன்.

ஆனால் கைகொடுத்தது ஒரு சின்னக் கணக்குதான். நிறுத்தக்கோட்டிலிருந்து குறுக்கே வரும் வண்டியின் பாதைவரை வரைபடத்தில் 30 மீட்டர். மஞ்சள் 3 நொடி, எல்லாப் பக்கமும் சிவப்பு 2 நொடி, ஆக என் பச்சை முடிந்து குறுக்கே பச்சை விழ 5 நொடி. பச்சையின் கடைசி நொடியில் நுழையும் கார், 40 கிலோமீட்டர் வேகத்தில், மூன்று நொடிக்குள் தாண்டிவிடும். 15 கிலோமீட்டரில் மிதிக்கும் நான் தாண்ட 7 நொடி. நான் நடுவில் இருக்கும்போதே குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும். விதியை மீறாமலே மாட்டிக்கொள்வேன்.

ஆட்சேபணைகளைக் கேட்க நடந்த கூட்டத்தில் இதைச் சொன்னதும் வடிவமைப்புப் பொறியாளர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "சார், இதை நாங்க காருக்குத்தான் போட்டுப் பார்த்தோம்" என்றார். மழுப்பாமல் சொன்னாரே, அந்த மனிதர் மேல் எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது. அதுவரை பேசியவர்கள் எல்லாம் நெரிசலைப் பற்றித்தான் பேசினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: ஒரு சந்திப்பு அதன் கொள்ளளவில் 90 சதவீதத்தைத் தொட்டால், அதற்குமேல் சில வண்டிகள் கூடினாலும் வரிசை மளமளவென்று நீளும். அறிக்கையின் கணக்கிலேயே சந்திப்பின் ஒரு பக்கத்துச் சாலை அந்த அளவை ஒட்டித்தான் இருந்தது.

திருத்திய வரைபடம் வர நான்கு மாதம் ஆயிற்று. சனிக்கிழமையும் எண்ணினார்கள். ஃப்ரீ லெஃப்ட் போயிற்று, மூலை சுருங்கியது, எல்லாச் சிவப்பு நேரம் கூடியது. கூடிய நொடிகளால் காருக்குக் காத்திருப்பு கொஞ்சம் ஏறும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். தனித்தடம் கேட்டோம், பாதிதான் கிடைத்தது. சந்திப்பைத் தாண்டி நாற்பது மீட்டரில் ஒரு கம்பத்தின் முன் திடுக்கென்று முடிகிறது.

வளாகம் திறந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் வரிசை பின்னால் இருக்கும் அடுத்த சிக்னல்வரை எட்டுகிறது. நான் ஓரமாகக் கடந்துவிடுகிறேன். என் தொல்லை விடியற்காலையில்தான். சாலைக்கு அடியில் பதித்த கம்பிச்சுருள் உலோகத்தை உணர்ந்தால்தான் அந்நேரத்தில் பச்சை விழும். என் சைக்கிள் அதற்குத் தெரிவதில்லை. சுருளின் நடுவில் நிற்காமல், அதன் விளிம்புக் கோட்டின் மேல் சக்கரத்தை வைத்து நின்றால் சில நாள் வேலை செய்கிறது. மற்ற நாள், பின்னால் ஏதாவது ஒரு கார் வரும்வரை நிற்கிறேன். உணர்திறனைக் கூட்டச் சொல்லிப் புகார் கொடுத்திருக்கிறேன், எண் கொடுத்திருக்கிறார்கள்.