பொருந்திய வளைகோடும் புரிந்த எஞ்சினும்

நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுழலும் ஒரு பெட்ரோல் எஞ்சினில், ஸ்பார்க் பிளக் பொறியிட்டது முதல் எரிபொருளின் பெரும்பகுதி எரிந்து தீரும் வரை ஏறத்தாழ இரண்டு மில்லிசெகண்டுதான் ஆகிறது. அதற்குள் சிலிண்டரில் உள்ள வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைக் கடந்துவிடுகிறது. உள்ளே நடப்பதை அறிய நம்மிடம் இருக்கும் முதன்மையான கருவி அழுத்த உணரி. ஆனால் அது தருவது சிலிண்டர் முழுவதற்குமான ஒற்றை எண். சுடர் எந்த மூலையை எப்போது எட்டியது, பெட்ரோல் எங்கே சுவரில் படிந்து எரியாமல் நின்றது என்பதையெல்லாம் அந்த எண்ணிலிருந்து நேரடியாகப் படிக்க முடியாது. குவார்ட்ஸ் சன்னல் பொருத்திய ஆய்வக எஞ்சின்களில் சுடரைப் படம் பிடிக்கலாம் என்றாலும், அவற்றை உற்பத்தி எஞ்சினைப் போல முழுச் சுமையில், உயர் வேகத்தில் நெடுநேரம் ஓட்ட முடிவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே கணினி சிமுலேஷனை நாடுகிறோம். அதனால்தான், ‘கணக்கீடு அளவீட்டோடு பொருந்துகிறது’ என்ற வரியோடு அறிக்கைகள் முடிந்துவிடுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. எதனால் பொருந்துகிறது என்ற கேள்விக்கு விடை இருந்தால்தான் அந்தக் கணினி மாதிரியை நம்பி அடுத்த எஞ்சின் வடிவத்தில் கை வைக்கலாம்.

மாதிரி நன்றாக நம்பத் தகுந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். காற்று உள்ளே வரும் குழாய்களை ஒரு பரிமாணத்தில், அதாவது நீளவாக்கில் மட்டும் கணக்கிடும் முறை பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. இன்டேக் வால்வு திறந்து பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் தாழ்வழுத்த அலை, ஒலியின் வேகத்தில் குழாய் வழியே எதிர்த்திசையில் ஓடி, குழாயின் திறந்த முனையில் பிரதிபலித்து, உயரழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. குழாயின் நீளம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இந்தப் போக்குவரத்துக்கு ஏறத்தாழ 2.3 மில்லிசெகண்டு ஆகும். 6000 சுற்று வேகத்தில் அந்த நேரத்துக்குள் கிராங்க் ஷாஃப்ட் 83 டிகிரி அளவுக்குத் திரும்பிவிடும். 3000 சுற்று வேகத்திலோ அதில் பாதிதான். வால்வு மூடுவதற்குச் சற்று முன்னதாக அந்த அலை வந்து சேர்ந்தால் கூடுதல் காற்று உள்ளே தள்ளப்படுகிறது. அது தப்பினால், புகுந்த காற்றே பின்வாங்கக்கூடும். முறுக்குவிசை வளைகோட்டில் தென்படும் மேடுபள்ளங்களில் பல இப்படிப் பிறந்தவையே. முன்பு வெவ்வேறு நீளத்தில் குழாய்களை வெட்டி, ஒவ்வொன்றையும் பொருத்தி, எஞ்சினின் முறுக்குவிசையை அளக்கும் டைனமோமீட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். இன்று நீளம், விட்டம், வால்வு திறக்கும் நேரம் ஆகியவற்றின் நூற்றுக்கணக்கான சேர்க்கைகளை ஓர் இரவுக்குள் கணக்கிட்டுவிடலாம். இங்கே மாதிரி துணிந்து கணித்துச் சொல்வதற்குக் காரணம், அதன் அடியில் இருப்பது வாயு இயக்கவியலின் அடிப்படைச் சமன்பாடுகள் என்பதுதான். வெளியிலிருந்து புகும் அனுபவ மாறிலிகள் குறைவு. வால்வின் வழியே காற்று எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைக் குறிக்கும் பாய்வுக் கெழு போன்றவற்றைத் தனியாகவே அளந்துவிடலாம்.

எரிதலுக்கு வந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. சோவியத் பொறியாளர் இவான் வீபெயின் பெயரால் வழங்கும் சார்பு, எரிந்த பங்கு எவ்வளவு என்பதைக் கிராங்க் கோணத்துக்கு எதிராக ஒரு வளைந்த கோடாக வரைந்து காட்டுகிறது. அதன் வடிவத்தை நிர்ணயிக்கும் மாறிலிகள் பெரும்பாலும் அளந்த அழுத்தத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. எனவே எரியறையின் வடிவத்தை மாற்றிவிட்டுப் பழைய மாறிலிகளோடு அதே சார்பை ஓட்டினால், நாம் முன்பு கொடுத்ததையே அது திருப்பிக் கொடுக்கிறது. சுவருக்குச் செல்லும் வெப்பத்தைக் கணக்கிட 1967-இல் பொறியாளர் வோஷ்னி வெளியிட்ட சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதிலும் சரிசெய்யத்தக்க பெருக்கிகள் உண்டு. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் சிக்கல். வெப்ப இழப்பைச் சற்று உயர்த்தி, எரிதலைச் சற்று வேகப்படுத்தினால், உச்ச அழுத்தம் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றுவிடும். வரவிலும் செலவிலும் ஒரே அளவு பிழை நேர்ந்து கணக்கு நேராகிவிடுவதைப் போன்றது இது. உச்ச அழுத்தம் சரியாக இருக்கும். ஆனால் எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பநிலை அளவீட்டிலிருந்து விலகி நிற்கும். அந்த வெப்பநிலையை நம்பி, எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று காற்றை உள்ளே அழுத்தும் டர்போசார்ஜரைத் தேர்ந்தெடுத்தால், பிழை அங்கே வெளிப்படும்.

ஆகவே முதலில் எரிபொருளும் பொறியும் இல்லாமல் மின் மோட்டாரால் சுழற்றப்பட்ட எஞ்சினின் அழுத்த வளைகோட்டைப் பொருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எரிதல் இல்லாத அந்த நிலையில் அமுக்க விகிதமும், பிஸ்டன் வளையங்களின் வழியே கசியும் வாயுவின் அளவும், கிராங்க் கோணத்தை அளக்கும் உணரியின் பிழையும் கண்ணுக்குத் தெரியும். ஒரு டிகிரி கோணப் பிழையே கணக்கிட்ட ஆற்றலைக் கணிசமாகத் திரித்துவிடும் என்பதால் இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது. அதன் பிறகு எரிதலைப் பொருத்தும்போது, அளந்த இயக்கப் புள்ளிகளில், அதாவது வேகமும் சுமையும் சேர்ந்த நிலைகளில், சிலவற்றைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, இறுதியில் அவற்றின் மீது மாதிரியைச் சோதிக்க வேண்டும்.

முப்பரிமாணக் கணக்கீடு எரிதலை இன்னும் ஆழமாகப் பார்க்கிறது. இத்துறையில் பெரும் தாக்கம் செலுத்திய கிவா என்ற கணினி நிரல், அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தில் உருவாகி 1985-இல் வெளியானது. இன்றைய நிரல்கள், கணக்கீட்டுக்காக எரியறையைப் பிரிக்கும் சிறு கண்ணறைகளைத் தாமே அமைத்து, சுடர் நகர நகரத் தேவையான இடத்தில் மட்டும் அவற்றை நுணுக்கமாக்கிக்கொள்கின்றன. ஆயினும் சுருக்கங்கள் இல்லாமல் முடியாது. பெட்ரோலில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருப்பதால் ஐசோ ஆக்டேன், ஹெப்டேன், டொலுவீன் போன்ற சிலவற்றின் கலவையை அதற்குப் பதிலாக வைக்கிறோம். ஐசோ ஆக்டேனுக்கு மட்டும் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் தொகுத்த விரிவான வேதி வினைத் தொகுப்பில் 857 வேதிப்பொருள்களும் 3606 வினைகளும் உள்ளன. ஒவ்வொரு கண்ணறையிலும் அதை முழுவதுமாகத் தீர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராததால் வினைகளைக் குறைத்துக்கொள்கிறோம். எந்த வினையை நீக்கினோம் என்பது சுடர் எட்டுமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் நாக்கிங் எப்போது தொடங்கும் என்ற விடையை மாற்றக்கூடும். அந்த விவரம் அறிக்கையின் பின்னிணைப்பில் ஒளிந்துகொள்ளாமல் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

உறுப்புகளின் வலிமைக் கணக்கு ஒப்பீட்டளவில் உறுதியான நிலம். பிஸ்டன் 86 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடும் எஞ்சின் 6000 சுற்றில் சுழலும்போது, பிஸ்டனின் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல இரண்டாயிரம் மடங்கைத் தாண்டுகிறது. இணைப்புத் தண்டின் மீதான விசையைக் கணக்கிட இது நல்ல தொடக்கம். சிலிண்டர் தலையின் வெப்பத் தகைவோ, எரிதல் கணக்கு தரும் சுவர் வெப்பத்தைச் சார்ந்தது. அங்கே நேர்ந்த பிழை இங்கே விரிசலாக முடியலாம்.

ஹைட்ரஜன் எஞ்சின்களில் இதெல்லாம் இன்னும் கூர்மையாகிறது. ஹைட்ரஜனைப் பற்றவைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் 0.02 மில்லிஜூல், பெட்ரோலுக்குத் தேவையானதில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். சூடான ஒரு புள்ளியே பொறிக்கு முன்பாக அதைப் பற்றவைத்துவிடலாம். அதன் சுடர், பெட்ரோல் சுடரைவிடச் சுவருக்கு மிக அருகில் சென்று அணைவதால், சுவருக்குப் போகும் வெப்பமும் கூடுகிறது. பெட்ரோலிலும் டீசலிலும் பழகிய மாறிலிகள் இங்கே தாமாகச் செல்லுபடியாவதில்லை. வோஷ்னியின் சூத்திரத்தை அப்படியே வைத்தால் வெப்ப இழப்பு குறைவாகக் கணக்கிடப்படுகிறது. எனவே ஹைட்ரஜன் எஞ்சினுக்கு மாதிரி கட்டும் குழு, கூடுதல் கணினிகளைக் கேட்பதற்கு முன்பாக, சிலிண்டர் சுவரின் வெப்பப் பாய்வை நேரடியாக அளக்கும் உணரிகளைக் கேட்க வேண்டும். அந்த அளவீடு கையில் இருந்தால், வெப்ப இழப்பையும் எரிதல் வேகத்தையும் தனித்தனியே நிலைநிறுத்திவிட்டு, எரிபொருளைப் பீய்ச்சும் ஊசித்துளையின் கோணத்தையும் பிஸ்டன் தலையில் உள்ள கிண்ணத்தின் வடிவத்தையும் கணினியில் மாற்றிப் பார்க்கத் தொடங்கலாம்.