சவளும் ஒரு காதும்

நேற்று போயா (பௌர்ணமி) லீவு. நம்மட மட்டக்களப்பு வாவிக்குள்ள மீன் பாடும் எண்டு ஊரில ஒரு கதை. அக்காட மகன் "மாமா, மீன் பாட்டுக் கேக்கணும்" எண்டு ஒரே நச்சரிப்பு. வாவிக்கு மேல இருக்கிற கல்லடிப் பழைய பாலத்துக்குக் கூட்டிப் போனேன். கேட்டதெல்லாம் பக்கத்துப் புதுப் பாலத்தில போற மோட்டார்சைக்கிள் சத்தம்தான்.

"பொய்யா மாமா?"

பொய்யில்லடா. மேலே நிண்டு கேக்கிற சாமானில்ல அது. தோணியில போய், சவளை (துடுப்பை) தண்ணிக்குள்ள விட்டு, மேல்நுனியில காதை வைக்கணும். தண்ணிக்குள்ள சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும், காத்தில ஓடுறதைவிட நாலு மடங்குக்கு மேல. ஆனா தண்ணியும் காத்தும் சந்திக்கிற இடத்தில கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிப் போயிடும். சவள்தான் அதை வெளியே கொண்டு வருது. இந்தப் பௌதிகத்தை நம்மட மீன்பிடிகாரருக்கு யார் படிப்பிச்சது?

1848இல இங்க வந்த வெள்ளைக்கார அதிகாரி எமர்சன் டெனென்டும் தோணியில போய்க் கேட்டுத்தான் எழுதிவச்சார். பாடுறது மீனில்ல, ஊரி (சிப்பி ஓட்டுக்குள்ள இருக்கிற நத்தை மாதிரி உயிர்) எண்டு மீன்பிடிகாரர் அவருக்குச் சொன்னவங்களாம். அப்ப மீன் எப்ப பாட்டுக்காரர் ஆனது? தேர்தல் மேடையில மட்டக்களப்பை "மீன்பாடும் தேன்நாடு" எண்டு முழங்குறவங்களிட்டத்தான் கேக்கணும். ஊரிக்கு வாக்கு விழாது போல!

(தமிழும் அரசகரும மொழி எண்டு 1987இல அரசியலமைப்பில எழுதியாச்சு. போன கிழமை எனக்கு வந்த கந்தோர்க் கடிதம் முழுக்கச் சிங்களம். அதுக்கும் சவள் வச்சுத்தான் கேக்கணுமோ?)

வீட்ட வாற வழியில பொடியன் கேட்டான்: "மறுகா எப்ப மாமா தோணியில போற?"

தோணி வச்சிருக்கிற ஆக்கள் இன்பொக்சுக்கு வாங்க.