காலாண்டு லீவில் கென்யா: பட்டியலில் எதை அடித்தோம், எதை வைத்தோம்

கென்யா போகலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்ததும் எல்லோரும் சொன்ன மாதம் மே. பள்ளி லீவு, வேறென்ன காரணம். ஆனால் மார்ச் கடைசியிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம், மாசாய் மாரா வனவிலங்கு ரிசர்வில் நிறைய இடம் கரிசல் மண், நனைந்துவிட்டால் ஃபோர் வீல் வண்டியே மாட்டிக்கொள்ளும். பச்சைப் பசேலென்று இருக்கும், கூட்டமும் இருக்காது, தங்குமிடமும் மலிவு என்று அந்த நேரத்தையே விரும்பிப் போகிறவர்களும் உண்டு. குழந்தைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிற எங்களுக்கு அது சரிப்படாது.

அடுத்தது ஜூலை. நம் நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் நேரத்தில் அங்கே வறண்ட காலம். பக்கத்து நாடான தான்சானியாவின் செரெங்கெட்டியில் மேய்ந்து முடித்த வைல்டுபீஸ்ட் என்ற பெரிய மான் வகைக் கூட்டங்கள் புல்லைத் தேடி வடக்கே ஏறி, மாரா ஆற்றைக் கடந்து கென்யாவுக்குள் வருவதும் அப்போதுதான். பத்து லட்சத்துக்கு மேல் வைல்டுபீஸ்ட், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரை. ஆனால் ஜூலையில் பள்ளிக்கூடம் இருக்கிறதே! கடைசியில் அண்ணன் மகள்தான் காலண்டரைப் புரட்டிவிட்டு, "சித்தப்பா, காலாண்டு லீவு?" என்று கேட்டாள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். கூட்டங்கள் பெரும்பாலும் இன்னும் மாராவில்தான் இருக்கும், அங்கே சிறுமழை நவம்பரை ஒட்டித்தான் பிடிக்கும். தமிழ்நாட்டுப் பள்ளி அட்டவணைக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது என்று நினைக்கிறேன். ஊட்டி, குன்னூரில் காட்டேஜோ டாக்ஸியோ வைத்திருப்பவர்களுக்கு அது செகண்ட் சீசன் ஆயிற்றே, அவர்களுக்கு மட்டும் கஷ்டம்.

குளிரைப் பற்றிக் கீழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன். ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை நினைத்துக்கொண்டு காட்டன் சட்டையோடு கிளம்பிவிடுவார்கள். நைரோபியும் எங்கள் கோத்தகிரியும் ஏறக்குறைய ஒரே உயரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். காலை ஆறு மணிக்கு, கூரையைத் தூக்கிவிட்ட ஜீப்பில் நின்றுகொண்டு போகும்போது ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் முடியாது.

சரி, இடங்களுக்கு வருகிறேன். ஒரு ஏஜென்ட் அனுப்பிய முதல் திட்டத்தில் அம்போசெலி, நைவாஷா, நகுரு, மாரா, செரெங்கெட்டி, ஙொரொங்கொரோ, மன்யாரா எல்லாமே இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு இரவு. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. வரைபடத்தை விரித்து வைத்து ரோட்டில் போகும் மணிநேரத்தைக் கூட்டிப் பார்த்தபோதுதான், விலங்கு பார்க்கிற நேரத்தைவிட வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம் என்று தெரிந்தது.

மாராவும் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளி, நடுவில் வேலி கிடையாது. வைல்டுபீஸ்ட் நடந்து போய்விடும், சுற்றுலாப் பயணி போக முடியாது. காட்டுக்குள்ளேயே இருந்த அந்த எல்லை வழி 1977-இல் மூடப்பட்டது. மாராவிலிருந்து செரெங்கெட்டி போக வேண்டுமென்றால் வெளியே வந்து, இசெபானியா வரை சுற்றி, எல்லையில் வண்டி மாறி, மறுபடி உள்ளே போக வேண்டும். ஒரு முழு நாள் போய்விடும். இரண்டு நாட்டுக்கும் தனித்தனி அனுமதி வேறு. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் ஒரே விசா உண்டு, அதில் தான்சானியா சேராது. அதனால் செரெங்கெட்டி, ஙொரொங்கொரோ, மன்யாரா மூன்றும் இருக்கும் தான்சானியாவை மொத்தமாக அடித்துவிட்டோம். ஙொரொங்கொரோவை அடிக்கும்போது மட்டும் எனக்கு மனசு வரவில்லை. விளிம்பு நம் ஊட்டி உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து 600 மீட்டர் கீழே இறங்கினால் 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைக் கிண்ணம், அதற்குள்ளேயே காண்டாமிருகம், சிங்கம், உப்பு ஏரி எல்லாம். இன்னொரு முறை பிப்ரவரியில் போவோம். தெற்கு செரெங்கெட்டியின் ந்துட்டு பக்கம் வைல்டுபீஸ்ட் கன்று போடும் காலம் அது.

அம்போசெலியும் போயிற்று. கிளிமஞ்சாரோ பின்னால் நிற்க யானைக் கூட்டம் நடந்து வரும் படம் எல்லோர் மனதிலும் இருக்கும். 1972-லிருந்து அங்கே யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்து வருகிறார்கள். ஆனால் மாரா நைரோபிக்கு மேற்கே, அம்போசெலி தென்கிழக்கே. ஒரு வாரத்துக்குள் இரண்டையும் சேர்த்தால் நைரோபி நெரிசலில் இரண்டு முறை மாட்ட வேண்டும்.

மிச்சம் வைத்தது நைவாஷா, நகுரு ஏரிகள், அப்புறம் மாராவில் குறைந்தது நான்கு இரவு. நான்கா என்று அண்ணன் கேட்டார். ஆமாம். முதுமலையில் வனத்துறை வேனில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று, மான் தெரிந்ததோ இல்லையோ திரும்பி வந்துவிட வேண்டும். மாராவில் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை நம் நேரம். ஒரு சிவிங்கிப்புலி புற்று மேல் ஏறி உட்கார்ந்தால், அது எழுந்து போகும் வரைக்கும் நாமும் உட்காரலாம். வைல்டுபீஸ்ட் ஆற்றைக் கடப்பதும் அப்படித்தான், ஆயிரக்கணக்கில் கரையில் வந்து நிற்கும், மூன்று மணி நேரம் நிற்கும், ஒன்று பின்வாங்கினால் எல்லாமே திரும்பிப் போய்விடும். ஒரே இரவு தங்குகிறவர் அதைப் பார்ப்பது அதிர்ஷ்டம்தான்.

அங்கேயும் வண்டி நெரிசல் இருக்கிறது. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி, ஆனால் ஆற்றங்கரையில் சீசனில் அது காற்றில் பறக்கிறது. மசினகுடி ரோட்டில் யானை நின்றால் முன்னும் பின்னும் கார்கள் அடைத்துக்கொண்டு, யாராவது இறங்கி செல்ஃபி எடுப்பதைப் பார்த்துக் கொதித்துப் போகிறவன் நான். அங்கே போய் நானே அந்தக் கூட்டத்தில் ஒரு வண்டியாக நிற்க விரும்பவில்லை. டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவிடப் போகிறேன்: நெருக்கிப் போக வேண்டாம், தூரமாக இருந்தாலும் பரவாயில்லை.

இதை யோசிக்கும்போதுதான் மாரா ரிசர்வைச் சுற்றியுள்ள கன்சர்வன்சிகளைப் பற்றிப் படித்தேன், திட்டமே மாறியது. அந்த நிலங்கள் மாடு மேய்க்கும் மாசாய் இனக் குடும்பங்களுக்குச் சொந்தம். நபொய்ஷோ, ஒலாரே மோடொரொகி என்று பல உண்டு. நிலத்தைத் துண்டு துண்டாக வேலி போட்டு விற்றுவிடாமல், ஒன்றாகச் சேர்த்துக் காட்டு விலங்குக்காகக் குத்தகைக்கு விடுகிறார்கள். அங்கே கேம்ப் நடத்துகிறவர்கள் குடும்பங்களுக்கு வாடகை கொடுக்க வேண்டும், கட்டில் எண்ணிக்கைக்கும் வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. மாடும் முறை வைத்து மேய்கிறது. ரிசர்வுக்குள் அனுமதிக்காத இரவு சஃபாரி, நடந்து போவது இரண்டும் இங்கே உண்டு.

நம் சீகூர் யானை வழித்தடத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதை யானை வழித்தடமாக அறிவித்த அரசு அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வழித்தடம் வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை, யானைக்கு வேறு வழி கிடையாது. ஆனால் விலங்கோடு தினமும் வாழ்கிற ஜனங்களுக்கு அந்த விலங்கால் மாதா மாதம் ஒரு வருமானம் வருகிற ஏற்பாட்டை நாம் முயன்று பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. "நம்ம தேயிலைக் காட்டுலயே காட்டெருமை மேயுது, அவ்வளவு தூரம் எதுக்குப்பா?" என்று அம்மா கேட்டபோது நான் சொன்ன பதில் இதுதான்: அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதனால் இரண்டு இரவு கன்சர்வன்சியில், இரண்டு இரவு ரிசர்வை ஒட்டி. செலவு கூடுதல்தான். ரிசர்வ் கட்டணமே ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர், முதல் ஆறு மாதம் அதில் பாதி. அதற்காகத்தான் மற்ற ஊர்களை அடித்தோம்.

ஏரிகளில் நகுருவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கரை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூநாரைகள் நிற்கும் பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். கடந்த பத்துப் பதினைந்து வருடமாக ரிஃப்ட் பள்ளத்தாக்கு ஏரிகளில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. நகுருவில் பழைய பார்க் வாசலே மூழ்கிவிட்டது. காரத்தன்மை நீர்த்துப்போனதால் பூநாரை தின்னும் நுண்பாசி குறைந்தது, பறவைகள் பொகோரியா போன்ற ஏரிகளுக்குப் போய்விட்டன. காண்டாமிருகம் பார்க்க நகுரு இன்றைக்கும் நல்ல இடம், வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், எங்களுக்கு அது போதும். பொகோரியாவுக்கு வடக்கே பாரிங்கோ ஏரிக்கரையில் 1980-களில் கொண்டுவந்து நட்ட சீமைக் கருவேலம் மேய்ச்சல் நிலத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

நைவாஷா நல்ல தண்ணீர் ஏரி. படகில் போய் நீர்யானை பார்க்கலாம், பக்கத்தில் ஹெல்ஸ் கேட் பார்க்கில் வரிக்குதிரைகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டலாம். வண்டியிலேயே அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு நாள் அவசியம். கரையெங்கும் ரோஜாவுக்குப் பசுமைக்குடில்கள். கோத்தகிரியில் கார்னேஷன் போட்டவர்கள் நின்று பார்ப்பார்கள்.

ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: வண்டி வேனா லேண்ட் குரூசரா, ஆளுக்கொரு ஜன்னல் சீட் உண்டா, பார்க் கட்டணம் சேர்த்தியா, அந்தக் கட்டணம் எத்தனை மணி நேரத்துக்கு. மாராவில் ஒரு டிக்கெட் 12 மணி நேரம்தான், கிளம்பும் நாளில் தாமதமாக வெளியே வந்தால் இன்னொரு டிக்கெட். மாராவுக்குச் சின்ன விமானத்தில் போவதானால் ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் சேர்த்து, அதுவும் சக்கரப் பெட்டி இல்லாமல் மெத்தென்ற பையில். பிளாஸ்டிக் பை 2017-லிருந்து அங்கே தடை, பார்க்குகளுக்குள் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கூடாது. பிளாஸ்டிக்கைச் சோதிக்கும் பர்லியார் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பழகிய நமக்கு இது புதிதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்பு போட்டிருக்க வேண்டும், சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். முட்டை ஒவ்வாமை இருப்பவர்களும் வயதானவர்களும் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது, மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடலாம். அம்மாவுக்கு வயது எழுபதை நெருங்குவதால் முதலில் அவரைத்தான் டாக்டரிடம் காட்டப் போகிறோம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு எல்லோருமாக ஊசிக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், அப்புறம்தான் டிக்கெட்.